பன்னிரண்டாயிரத்து எண்ணூறு

பெத்தகானவில் காலை ஆறு பத்து.
தூறல் விட்டும் விடாத வெளிச்சம்.
ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போனேன்,
கடன் கேட்கிறவள் தொகையை ஏற்றுவதுபோல:
மூவாயிரத்து இருநூறு, ஆறாயிரத்து நானூறு,
பிறகு வெட்கத்தை விட்டு
பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.
கோரைக்குள் ஒரு மஞ்சள் குருகு
கழுத்தை வானுக்கு நீட்டி
தானும் ஒரு கோரைதான் என்று நின்றது.
ஒரே ஒரு கிளிக்.
எண்ணிக்கைத் தாளில் 1 என்று போட்டுவிட்டு
சட்டை மாற்றிக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன்.

இரவு, வெள்ளவத்தை. நாலாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே கடைசி ரயில்
கடலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.
லப்டொப்பில் படத்தைத் திறந்தால்
குருகின் மேல் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாய் மணல்,
கோலப்பொடிப் பைகள் மூன்றும் ஒன்றாய்க் கிழிந்த மாதிரி.
இதற்குப் பெயர் இரைச்சல்.
சத்தமே போடாத ஒன்றுக்கு
ஏன் இந்தப் பெயர் வைத்தார்களோ.

றிஸ்மியா அனுப்பிய மென்பொருள்.
முப்பது நாள் இலவசத்தில் இது இருபத்தொன்பதாம் நாள்.
"பட்டனை அமத்து, மிச்சத்தை ஏஐ பாக்கும்" என்றிருந்தாள்.
அமத்தினேன்.
லப்டொப்பின் விசிறி அலறத் தொடங்கியது.
மீதி நேரம் நாலு நிமிடம் என்றது,
பிறகு யோசித்து ஏழு நிமிடம் என்றது.
தேத்தண்ணி வைக்கப் போனேன்.

வந்து பார்த்தால்
மணலெல்லாம் கூட்டி அள்ளியாயிற்று.
வடிவு. பொய் சொல்லக் கூடாது, நல்ல வடிவு.
கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்,
மார்பில் இறங்கும் தவிட்டுக் கோடுகள்,
இறகு இறகாய், சீப்பால் வாரிய மாதிரி.
இருநூறு வீதத்துக்குப் பெருப்பித்தேன்.
நுளம்பு ஒன்று பறந்த இடத்தில்
வழவழவென்று பச்சை.
தூறலைக் காணோம்.
அதையும் இரைச்சல் என்று எண்ணிவிட்டதாக்கும்.
நனைந்த என் சட்டை இன்னும் கொடியில் காய்கிறது.

இடது ஓரத்துக்கு நகர்த்தினேன்.
அங்கே கோரைக்கு இறகு முளைத்திருந்தது.

ஒரு தண்டு, குருகிலிருந்து மூன்று சாண் தள்ளி.
அதற்கும் கோடு கோடாய்த் தவிட்டு நிறம்,
உச்சியில் ஏதோ கூர்மை,
கண் என்று சொன்னால் கண்.
பழைய படத்துக்குத் தாவினேன்:
அதே இடத்தில் ஏழு மஞ்சள் புள்ளி,
கொஞ்சம் நீலம், அவ்வளவுதான்.
முன், பின், முன், பின்.
ஏழு புள்ளியிலிருந்து ஒரு பறவையை
அது கண்டுபிடித்ததா,
இட்டுக்கட்டியதா?

கணக்காய்வில் எனக்குப் பதினாறு வருடம்.
தொலைந்த ரசீதுக்குப் பதிலாக
புதுசாய் ஒன்று எழுதிக் கொண்டுவருகிற ஆட்களைத் தெரியும்.
அந்தக் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் கூடுதல் தெளிவு.
ஆனால் குருகும் யோக்கியம் இல்லையே.
கோரை மாதிரி நின்று
என்னை ஏமாற்றப் பார்த்த பறவைதானே.
அதன் நடிப்பை நம்பி
இயந்திரம் பக்கத்துக் கோரையைக் குருகாக்கியது என்றால்
யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?

றிஸ்மியாவுக்கு அனுப்பினேன்.
"மாஷா அல்லாஹ், சோடியா!" என்று பதில்.

அடுத்த நாள் லீவு போட்டேன்.
"கெமரா கோ?" என்றார் காவலாளி வஜிர.
வீட்டில், என்றேன்.
மரப்பாலத்தில் குந்தியிருந்து நாற்பது நிமிடம்.
நுளம்பு கடித்தது, நேற்றுக் காணாமல் போனதாக இருக்கலாம்.
கோரை ஆடியது. எல்லாம் ஆடியது.
காற்று நின்றது.
எல்லாம் நின்ற பிறகு, இடப்பக்கம்
ஒரு தண்டு மட்டும்
ஒரு கணம் பிந்தி நின்றது.

எண்ணிக்கைத் தாளில்
கேள்விக்குறிக்குக் கட்டம் இல்லை.
பேனையை மூடினேன்.
பென்சிலால், கட்டத்துக்கு வெளியே,
மெல்லிசாக 2.